வெள்ளிக்கிழமை போயா

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து சித்தப்பா மகன் போன் எடுத்தான். சுகம்கூடக் கேட்கவில்லை. "அண்ணே, வெள்ளி போயா. சனி, ஞாயிறோட மூணு நாள். வியாழன் ராவே புறப்பட்டு வாறோம்." கண்டியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குரல் பழக்கம்தான். பொது விடுமுறைகளின் பண்பாட்டுச் சிறப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு வருகிறேன்.

நகைக்கடைக் கலண்டர் கைக்கு வந்ததும் நாம் லட்சுமி படத்தையா பார்க்கிறோம்? போயா, அதாவது பௌர்ணமி லீவு, என்ன கிழமை என்றுதானே பார்க்கிறோம்! வெள்ளியில் விழுந்தால் புண்ணியம். திங்களில் விழுந்தாலும் புண்ணியம். வியாழன் என்றால் வெள்ளிக்கு ஒரு காய்ச்சல் போதும். செவ்வாய் என்றால் திங்களன்று ஏற்கெனவே செத்த பாட்டி இன்னொரு தடவை சாக வேண்டும். புதன் போயா யாருக்கும் உதவாது. மெய்யாகவே பௌத்த விகாரைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். ஞாயிறு என்றால் வீட்டில் இழவு. 2023இல் தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தபோது நரகாசுரன் வீட்டாரைவிட எங்களுக்குத்தான் துக்கம் அதிகம்.

அதோடு முடிந்ததா? அடியில் பொடி எழுத்தில் பொது, வங்கி, வர்த்தகம் என்று மூன்று குறிகள். மூன்றும் சேர்ந்து விழுந்தால் வெள்ளவத்தையே நம் வீட்டில். தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் வர்த்தகக் குறி கிடையாது. கம்பனியில் வேலை பார்க்கும் மச்சானுக்கு லீவு இல்லை. சிவபெருமான் மேல் எனக்குப் பக்தி கூடியது அதனால்தான்.

1966இல் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. டட்லி சேனநாயக்க அரசு ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைப்பிறை என்று நாலு போயாவை வார விடுமுறையாக்கியது. நிலவுக்கு ஏழு நாள் கணக்குத் தெரியாதே. சில வாரம் எட்டு நாளாக நீண்டது. கிறிஸ்தவர்கள் வேலை நாளில் பூசைக்கு ஓடினார்கள். 1971இல்தான் ஞாயிறு திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் சித்தப்பா மகன் போன் எடுத்திருந்தால் பஞ்சாங்கத்தோடுதான் எடுத்திருப்பான்.

வெள்ளை உடுத்து, பூத்தட்டோடு தலதா மாளிகைக்குப் போகிறவர்களைச் சொல்லவில்லை. நாள் அவர்களுடையது. கண்டி வரும் வழியில் கடுகண்ணாவையில் வாகனத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறவர்களைச் சொல்கிறேன். போயா அன்று இறைச்சிக் கடையும் பூட்டு, சாராயக் கடையும் பூட்டு. அவர்களுக்குத் தெரிந்த பௌத்தம் அவ்வளவுதான். அதனால் வியாழன் பின்னேரம் கோழிக்கு வரிசையில் நிற்பது நான். சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமை பக்கத்தில் நின்றார். கடை பூட்டினால் அவருக்குக் கூலி இல்லை. நீண்ட வார இறுதி என்று அவரிடம் சொல்லிச் சந்தோஷப்பட முடியுமா?

உறவினர்களே, போயா புதன்கிழமை விழும் மாதமாகப் பார்த்து வாருங்கள். மரக்கறிதான். அரிசி நீங்கள் கொண்டு வரவேண்டும்.