பொருளடக்கம் மனப்பாடம்

நாலாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள், சமூக அறிவியல் புத்தகத்தின் பொருளடக்கத்தை ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பக்க எண்ணோடு!

"எதுக்குடி இது?"

"நாளைக்கு டெஸ்ட் சித்தப்பா."

"சரி, மூணாம் பாடத்தை எடு பார்ப்போம்" என்றேன். விரலில் எச்சில் தொட்டு, முதல் தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தாள்.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் எதற்கும் குறைவில்லை. துணைத்தலைப்பு, படக்குறிப்பு, பெட்டிச்செய்தி, அருஞ்சொற்பொருள், போதாததற்கு கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்ய வேண்டிய போனில் அண்ணன் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிச்செய்தி 'பரீட்சைக்கு வராது' என்பதால் அதைத் தாண்டிவிடுவார்களாம். படத்திலிருந்த ராணிக்கு மீசை முளைத்திருந்தது. கீழே அச்சிட்டிருந்த பெயரின்மேல்தான் யார் கண்ணும் பட்டதாகத் தெரியவில்லை.

குழந்தையை மட்டும் சொல்வானேன்? என் அலமாரியில் தலையணை கனத்தில் சில தமிழ் வரலாற்று நூல்கள் இருக்கின்றன. முன்னால் மூன்று அணிந்துரை. பின்னால் சொல்லடைவு கிடையாது. நேற்று ஓர் ஊர்ப்பெயரைத் தேடினேன், எச்சில் தொட்டுத்தான்.