ஏழு பொன்னாடை முதலீடு

மேன்மை தங்கிய தொழில்முனைவோர் மேம்பாட்டு மைய ஒருங்கிணைப்பாளர் ஐயா அவர்களின் திருச்சமூகத்துக்கு,

பெண்கள் விடுதியின் முன்னாள் சுக்கு காபி வியாபாரி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நேற்றைய கருத்தரங்கு வெகு சிறப்பு. 'வேலை தேடாதே, வேலை கொடு' என்ற தலைப்பும் அருமை. வரவேற்புக் குழுவில் என்னைப் போட்டிருந்ததால் மேடைக்குப் பின்னால் நிற்கும் பாக்கியம் கிடைத்தது. சிறப்பு விருந்தினருக்கு கிரீன் டீ போட அங்கே ஒரு கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அடையாளத்துக்காக நான் வைத்தது. போன மாதம் 'தடை செய்யப்பட்ட மின்சாதனம்' என்று என் அறையில் பறிமுதலான என் கெட்டில்தான் அது. பறிமுதல் செய்த வார்டன் மேடமே, "தண்ணி சூடாயிருச்சா பாரும்மா" என்றார். பார்த்துச் சொன்னேன். நன்றாகவே சூடாகியிருந்தது.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். என் கெட்டில் கல்லூரியின் வளர்ச்சிக்குப் பயன்படுவதில் எனக்குப் பெருமையே. ஒரு சின்னக் கணக்கை மட்டும் தாங்கள் சரிபார்த்துத் தர வேண்டும். ரூபாயில் சொன்னால் தங்கள் மையத்துக்குப் பழக்கமிராது என்பதால் பொன்னாடையில் சொல்கிறேன். ஒரு பொன்னாடை 200 ரூபாய். பில் வாங்கி வந்தவளே நான்தான்.

கெட்டில், பிளாஸ்க், சுக்கு, மல்லி, மிளகு, வெல்லம், பேப்பர் கப் எல்லாம் சேர்த்து என் முதலீடு 1,400 ரூபாய். ஏழு பொன்னாடை. நேற்று மேடையில் போர்த்தியவை ஒன்பது. (தாளாளரின் தம்பிக்கு எதற்கு ஒன்று என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

இந்தத் தொழிலுக்குச் சந்தையை உருவாக்கித் தந்ததே நம் நிர்வாகம்தான். பையன்கள் விடுதிக் கதவை ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டுகிறார்கள், எங்களுடையதை ஆறரைக்கு. அவர்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்று நாட்டு நடப்பு பேசுவார்கள். எங்களுக்கு ஆறரைக்கு மேல் தொண்டை கட்டினால் விடியும்வரை கட்டியபடியேதான். செமஸ்டர் சமயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மாடி முழுக்க விழித்திருக்கும், சூடாக ஒரு வாய் கிடைக்காத வாடிக்கையாளர்களை எந்த எம்.பி.ஏ. படிப்பாலும் உருவாக்க முடியாது. தாங்கள் ஒரே ஒரு பூட்டில் உருவாக்கினீர்கள். கப் பத்து ரூபாய், அடக்கம் நான்கு ரூபாய்க்குள். மாதவிடாய் வயிற்றுவலியோடு வருகிறவர்களுக்குக் கடனும் உண்டு. கொடுத்த கடன் ஒரு ரூபாய் விடாமல் திரும்பி வந்தது, வங்கிகள் கவனிக்க.

முறைப்படி பதிவு செய்யவும் ஆசைப்பட்டேன். சின்ன உணவு வியாபாரிக்கான பதிவுக்கு நான் விசாரித்தபோது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய், அரைப் பொன்னாடை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. பொன்னாடையில் ஒரு நூல்கூடச் செலவில்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் பிணையில்லாமல் 50,000 ரூபாய் வரை கடன். 250 பொன்னாடை, பத்து வருஷத்துக்கு மேடை தாங்கும். விடுதி விலாசத்துக்கு ஒரு கடிதம் கேட்டுத் தங்கள் அறைக்கு வந்தேன். "அதுக்கெல்லாம் ரூல் இல்லம்மா" என்றீர்கள். தங்கள் தலைக்கு மேலே, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாக மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கையின் அட்டையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அட்டை மட்டும். தொழில் செய்யும் மாணவர் உரிய அனுமதியோடு கல்லூரி முகவரியிலேயே நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்ளலாம், வருகைப்பதிவு குறைந்தாலும் தேர்வெழுத விடலாம் என்பதெல்லாம் உள்ளே இருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகு பக்கம் புரட்டுவது சிரமம்தான்.

கெட்டிலைப் பறித்தபோது, பழைய வயரிங், தீப்பிடிக்கும் என்றார்கள். நியாயம். கெட்டிலே வேண்டாம், மெஸ்ஸில் சுடுதண்ணி வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் தீ வயரிங்கில் இல்லை, கேன்டீன் கான்ட்ராக்டில் இருக்கிறது என்று தெரிந்தது. வளாகத்துக்குள் வேறு யாரும் டீ, காபி விற்கக் கூடாதாம். அந்தக் கேன்டீன் ஐந்தரைக்கே மூடிவிடும்.

சிறப்பு விருந்தினர் பேச்சு உருக்கம். 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு ஷாம்பு தொழிலில் இறங்கிய கதை (75 பொன்னாடை). 1984-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து மைக்கேல் டெல் 1,000 டாலரில் கம்ப்யூட்டர் கம்பெனி தொடங்கிய கதை. 'விடுதி அறை' என்ற இடத்தில் வார்டன் மேடம்தான் பலமாகக் கைதட்டினார். டெல் டாக்டருக்குப் படிக்க வந்த பிள்ளை. நம் விடுதியில் சேர்ந்திருந்தால், 'இனிக் கம்ப்யூட்டரைத் தொட மாட்டேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டு, இந்நேரம் ஏதாவது ஊரில் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருப்பார்.

கெட்டிலுக்காக எனக்குப் போட்ட அபராதம் 2,000 ரூபாய், பத்துப் பொன்னாடை. கட்டியாயிற்று. அதோடு விட்டிருக்கலாம். அப்பாவை வரச்சொன்னீர்கள். கடையைப் பூட்டிவிட்டு அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவரை மதியம் வரை வராந்தாவில் நிற்கவைத்தீர்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, "பொண்ணப் படிக்க அனுப்புனீங்களா, பெட்டிக்கடை போட அனுப்புனீங்களா?" என்று வார்டன் கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் சிரித்தீர்கள். என் அப்பா வைத்திருப்பது பெட்டிக்கடை. அந்தக் கடைக் காசில்தான் இரண்டு வருஷமாக இங்கே ஃபீஸ் கட்டுகிறோம். எண்ணி வாங்கியபோது எந்தக் கடைக் காசு என்று யாரும் கேட்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மாணவர்களைத் தொழிலதிபர் ஆக்குவதற்கென்று ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, தொழில் செய்கிற ஒரு மனிதனை எதிரே நிற்கவைத்துச் சிரிக்க உங்களுக்கு வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும் ஐயா. பொன்னாடைக்கே திரும்புகிறேன்.

கருத்தரங்கின் ஜியோ டேக் புகைப்படங்கள் ஏற்றியாகிவிட்டதாக அறிந்து மகிழ்ந்தேன். மூன்றாவது படத்தில் பொன்னாடைத் தட்டோடு நிற்பது நான்தான். 'மாணவியர் பங்கேற்பு' என்று அதன் கீழே தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தங்கள் மையத்துக்கு டெல்லியின் மதிப்பீட்டில் கூடுதலாக ஒரு ஸ்டார் கிடைக்க வாழ்த்துகள்.

ஒரே ஒரு ஐயம். நானும் அப்பாவும் கையெழுத்திட்ட உறுதிமொழியில், 'இனி எவ்விதத் தொழிலிலும் ஈடுபட மாட்டேன், ஈடுபட எண்ணவும் மாட்டேன்' என்றிருக்கிறது. நேற்றுக் கொடுத்த படிவத்திலோ, 'தொழில் தொடங்கும் எண்ணம் எனக்கு ஏற்பட்டுள்ளது' என்ற வரிக்கு 'ஆம்' போட்டால்தான் வருகைப்பதிவு என்றார்கள். போட்டுவிட்டேன். இது உறுதிமொழியை மீறியதாகுமா? ஆகுமென்றால் அடுத்த அபராதத்தைப் பொன்னாடையாகவே கட்ட அனுமதிக்க வேண்டும். மொத்த விலைக் கடையில் அதே பொன்னாடை 140 ரூபாய்தான். தங்கள் மையத்துக்கு 170-க்குத் தருகிறேன். நூறுக்கு மேல் எடுத்தால் ஐந்து ரூபாய் குறைக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி