எட்டுக்கால் அண்ணாச்சி

அண்ணாச்சியிடம் அவர் சிலந்தியைப் பூச்சி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "பூச்சிக்கு ஆறு காலு அண்ணாச்சி. இவளுக்கு எட்டு. தேளு, உண்ணியெல்லாம் இவளுக்குச் சொக்காரங்க" என்று வம்சாவளியைத் தொடங்கிவிடுவார். நான் போனது கல்யாணப் பத்திரிகை வைக்க. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியவில்லை.

பேட்டையில் சேரன்மாதேவி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கதவு எண் சொன்னால் யாருக்கும் தெரியாது. "சிலந்தி வளக்குத வீடு" என்றால் சின்னப்பிள்ளைகூடக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். ஆனால் தார்சா வரைக்கும்தான்.

ஒரு காலத்தில் இதே வகை ஆள் புறா வளர்த்தார். அப்புறம் சண்டைச் சேவல், லவ் பேர்ட்ஸ், கண்ணாடித் தொட்டியில் மீன். இப்போது டாரன்டுலா சிலந்தியில் வந்து நிற்கிறார். புறாவாவது விசிலுக்குத் திரும்பி வந்தது.

பட்டாசலில் டிவி இருந்த இடத்தில் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டி. அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள், மூலையில் கவிழ்த்து வைத்த பாதிச் சிரட்டை, சின்ன மூடி ஒன்றில் தண்ணீர். சிரட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கம்பளியில் ஆரஞ்சு ஒட்டுப்போட்ட மாதிரி இரண்டு முழங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. மெக்சிகோ செம்முழங்கால் இனம். இரண்டு மணி நேரம் பார்த்தேன். அந்த நேரத்தில் ஒரே ஒரு காலைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தது. "பாத்தியளா, இன்னைக்கு நல்ல மூடுல இருக்கா" என்றார் அண்ணாச்சி.

சும்மா இருப்பது அதன் வேலை. மிச்ச வேலையெல்லாம் இவருக்கு. வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மே மாதத்தில் அந்த வீட்டு ஏர்கூலர் பெட்டியைப் பார்த்துத்தான் சுற்றும். மனுசர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து சிந்துகிற காற்றை வாங்கிக்கொள்ளலாம். சிலந்திக்குக் காது கிடையாது, காலில் உள்ள மயிரால் அதிர்வை உணரும் என்பதால் பெட்டிக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டு. தென்காசி ரயில் போகும்போது ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொள்வார். கொசுவுக்குப் புகை மருந்து அடிக்கிற வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டால் போதும், ஜன்னலையெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகி, கண்ணாடிப் பெட்டியை வேட்டியால் மூடிவிடுவார். மருந்து பட்டால் சிலந்தி தாங்காது. "பிள்ளைக்கு டெங்கு வந்தப்ப இவ்வளவு ஓட்டம் ஓடலியே" என்று அடுப்பங்கரையிலிருந்து மைனி சொல்வது அவர் காதில் விழாது.

சாப்பாட்டு விஷயம் இன்னும் நுட்பம். வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும், சில சமயம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். பேட்டை வீட்டில் கரப்பானுக்கா பஞ்சம்? ஆனால் வீட்டுக் கரப்பான் மருந்து தின்றிருக்குமாம். ஆகவே தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கேரட் போட்டுக் கரப்பான் வளர்க்கிறார். கரப்பானை ஒழிக்க முப்பது வருஷமாகப் போராடும் மைனி, கேரட்டைச் சீவித் தருகிறார்.

"கடிக்குமா?" என்று கேட்காத விருந்தாளி கிடையாது. இந்த இனம் கடித்தால் குளவி கொட்டின மாதிரிதான். கோபம் வந்தால் அது செய்வது வேறு: பின்னங்காலால் வயிற்று மேல்புற மயிரைத் தேய்த்துக் காற்றில் உதிர்க்கும். கண்ணுக்குத் தெரியாத முள். அண்ணாச்சி பேசும்போது இடது முழங்கையைச் சொறிந்துகொண்டே பேசுவதன் காரணம் அதுதான். அவர் சட்டைக்குத் தனி வாளி.

ஆரம்பத்தில் அதற்குப் பேர் ராஜா. ஒருநாள் காலை அண்ணாச்சியின் அம்மா, ஆச்சி, பார்த்தபோது மல்லாக்கக் கிடந்தது, எட்டுக் காலும் மேலே. "எய்யா, போயிட்டுலே!" என்ற குரலில் துக்கத்தைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. அண்ணாச்சி வாயில் விரலை வைத்தார். சாகிற சிலந்தி மல்லாக்கக் கிடக்காது. காலையெல்லாம் வயிற்றுக்கடியில் சுருட்டிக்கொள்ளும். இது தோலுரிக்கிறது. அன்றைக்கு அந்த வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக, இறுக்கமான கையுறையிலிருந்து விரலை உருவுகிற மாதிரி, உருவி எடுத்தது. சாயங்காலம் பெட்டிக்குள் இரண்டு சிலந்தி. ஒன்று வெறும் கூடு. மற்றது பளபளவென்று, பால் நிறப் பல்லோடு. ஆச்சி ஒன்றுக்கே ஒப்பவில்லை, இரண்டைப் பார்த்ததும் பையைக் கட்டிவிட்டார்.

உதிர்ந்த தோலை ஈரப்படுத்தி விரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆணா பெண்ணா தெரியும். பார்த்தார். ராஜா, ராணி ஆனது. முதலில் காந்திமதி என்றுதான் வைக்கப் போனார். "அம்மன் பேரையா இந்தச் சவத்துக்கு?" என்று ஆச்சி எழுந்து நின்ற வேகத்தில் அது கைவிடப்பட்டது. "சவத்தக் கொண்டுபோயி ஆத்துல விட்டுட்டு வால" என்பதுதான் ஆச்சியின் நிரந்தரத் தீர்ப்பு. "அம்மா, மெக்சிகோக்காரிக்குத் தாமிரவருணி ஒத்துக்காது. கோச்செங்கட் சோழனே முற்பிறவியில சிலந்திதானம்மா, திருவானைக்காவுல" என்பார் இவர். "அது சாமிக்குப் பந்தல் போட்டுது. இது ஒட்டடையாவது போடுதா?"

எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் அண்ணாச்சி உடனே அருப்புக்கோட்டைக்குப் போய்விடுவார். 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை விலாசத்துக்கு வந்த தபால் பார்சல் ஒன்றைச் சென்னையில் சுங்கத்துறை பிரித்தது. தெர்மாகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்னக் குப்பிகள், குப்பிக்கு ஒரு உயிருள்ள சிலந்தி. திருப்பி அனுப்ப முடிவாயிற்று. "நூத்தியேழு பிள்ளைய" என்று கண் கலங்குகிறார். எனக்கென்னவோ அதிகாரிகள் செய்தது சரி என்றே படுகிறது. ஆந்திராவில் குத்தி ரயில்நிலைய மரக்கிடங்கில் கிடைத்து, 1899-இல் பேர் வைக்கப்பட்ட நீலச் சிலந்தி, ஐரோப்பிய வீடுகளின் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகிக் கிடக்க, சொந்தக் காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. இதைச் சொன்னபோது அண்ணாச்சி முதல் முறையாகப் பதில் பேசவில்லை. சொறிந்தார்.

நியாயமாகச் சொன்னால், சட்டத்துக்கு அவர் பயந்தவர்தான். வெளிநாட்டு அரிய உயிர் வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதி வந்து, ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். கட்டிக்கொடுத்த மகள் பேரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்க மூன்று வருஷம் சோம்பியவர், ராணிக்கு ஒரே ராத்திரியில் விண்ணப்பம் போட்டுவிட்டார்.

ஆண் சிலந்தி பருவம் வந்தபின் ரொம்ப நாள் தங்காது. பெண் இருபது வருஷத்துக்கு மேலும் இருக்கும். ராணிக்கு இப்போது நாலு வயசு, அண்ணாச்சிக்கு அறுபத்தொன்று. போன வாரம் பாளையங்கோட்டையில் வக்கீலைப் பார்த்து வந்திருக்கிறார். வீடு மகனுக்கு, வயல் மகளுக்கு. ராணி பேச்சு வந்ததும் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்களாம். விருப்பமுள்ளவர்கள் நேரில் வந்து கேட்கலாம். கைமாறினால் அதையும் பரிவேஷில் பதிய வேண்டும். கரப்பான் மருந்து டப்பா வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் தயவுசெய்து வர வேண்டாம்.