வலைத்தடிக்கு ஆள் பிடித்தல்

கனடாவின் தேசிய விளையாட்டு எது என்று ஸ்காபரோவில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் ‘ஹொக்கி’ என்பார். பாதி மார்க் கொடுக்கலாம். குளிர்காலத்துக்கு ஹொக்கி, கோடைக்கு லக்ரோஸ் என்று 1994இல் நாடாளுமன்றம் சட்டமே போட்டிருக்கிறது. சட்டம் போட்டு என்ன, எங்கள் பக்கத்துக் கழகத்தில் பதினொரு வயதுக்கு உட்பட்டோர் அணிக்கு ஆள் சேரவில்லை. என் மகள் அதில் விளையாடுகிறாள் என்ற ஒரே தகுதிக்காக, “உங்கள் ஆட்களிடம் நீங்களே பேசுங்கள்” என்று ஒரு கட்டு நோட்டீசை என் கையில் திணித்தார்கள்.

ஆள் பிடிக்க சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலை விட்டால் வேறு இடம் ஏது? பிள்ளைகளால் ஒரு கரைச்சலும் இல்லை. தடியைக் கொடுத்த மறுநிமிடம் பந்து யாருடைய காருக்கு அடியிலாவது கிடக்கும். வளர்க்க வேண்டியது பெற்றோரைத்தான்.

ஒரு அம்மம்மா தடியின் நுனியிலிருந்த வலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எங்கட கொக்கத்தடியெல்லோ பிள்ளை, மாங்காய் எங்க?” என்றார். லக்ரோசுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்தப் பயிற்றுநரும் எனக்குச் சொன்னதில்லை. என்ன, இந்த மாங்காய் உள்ளே காற்றில்லாத முழு ரப்பர். எடை ஏறக்குறைய 145 கிராம்.

அந்த எடையைக் கையில் வாங்கிப் பார்த்த ஒரு தாய், “பல்லுப் போகாதோ?” என்றார். வாய்க்காப்பு, முகக்கூண்டு போட்ட தலைக்கவசம், விலாக்கவசம் எல்லாவற்றையும் காட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இந்த விளையாட்டுக்கு 1867இல் விதிகளைத் திருத்தி வெளியிட்ட ஜோர்ஜ் பியர்ஸ் மொன்றியலில் ஒரு பல் வைத்தியர் என்பதையும் பெருமையாகச் சொல்லிவைத்தேன். அம்மா மகனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பியர்சுக்குப் பல நூற்றாண்டு முன்பே இது ஹோடெனொசோனி மக்களின் ஆட்டம். படைத்தவன் தந்தது, நோய் தீர்ப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் அவர்களுடைய சிக்ஸ் நேஷன்ஸ் எங்களிடமிருந்து ஒன்றரை மணி நேர ஓட்டம். அங்கத்தைய பிள்ளைகள் பந்தை வலையில் தாலாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால், மணிக்கட்டு தனியாக மூச்சு விடுகிறதோ என்று தோன்றும். எங்கள் பிள்ளைகளோ, ஐஸ் எடுத்த ஹொக்கி அரங்கின் கொங்கிறீற் தரையில் பத்துப் பேரும் ஒரே பந்தைத் துரத்துவார்கள். முழங்காலை மடித்து, தடியைத் தரையோடு தாழ்த்தி அள்ள வேண்டும் என்று பயிற்றுநர் தொண்டை கிழியக் கத்துவார். அவர்கள் நிமிர்ந்து நின்றபடியே பந்தின் தலையில் அடிப்பார்கள். பந்து இன்னும் தூரம் ஓடும். ஆட்டம் முடிந்ததும் அந்தக் கையுறைகள் காருக்குள் வரும். ஜூலை மாதத்தில் அந்த வாசனையோடு வீட்டுக்குக் கார் ஓட்டுவது தனி விரதம்.

அடுத்த சனி ஒரு அண்ணை வந்து, நோட்டீசைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார். “உதால யூனிவேசிற்றிக்கு ஏதும் பிரயோசனம் இருக்கோ?”

“அமெரிக்காவில சில இடங்களில ஸ்கொலர்ஷிப் குடுக்கினம் அண்ணை. சிரக்கியூஸ், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ்...”

“பொறும். டொக்டர்மார் படிக்கிற ஜோன்ஸ் ஹொப்கின்ஸோ?”

அதேதான். மற்ற விளையாட்டுகளில் எல்லாம் மூன்றாம் பிரிவில் ஆடும் அந்தப் பல்கலைக்கழகம் லக்ரோசில் மட்டும் முதல் பிரிவு. விளையாட்டு வேறு, மெடிசின் வேறு, ஒன்றைக் காட்டி மற்றதற்குள் நுழைய முடியாது என்று நான் சொல்லி முடிக்குமுன் அவர் மனைவிக்குப் போன் எடுத்துவிட்டார். அன்று இரவே எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுக்களில் லக்ரோஸ் ஏறக்குறைய மருத்துவப் படிப்பின் முதலாம் ஆண்டு ஆகிவிட்டது. அணி நிறைந்தது. காத்திருப்போர் பட்டியலும் வந்தது. மறுப்பு எழுதலாமா என்று யோசித்தேன். கழகம் வேண்டாம் என்றது.

இப்போது பள்ளி வாசலில் நோட்டீஸ் கொடுப்பது அந்த அண்ணைதான். போன கிழமை ஒரு தாயை மறித்து வைத்து, 1908க்குப் பிறகு 2028இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகத் திரும்ப வருகிறது என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒலிம்பிக் சரி அண்ணை, கூமோன் வகுப்பு நேரத்தோட இடிக்குமோ?” என்றார்.