லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்? பழங்கார்க் காட்சியகத்தில் எழும் ஒரு வினாவின் ஆராய்ச்சி

பழங்கார்களைப் பற்றி அறிஞர்கள் எழுதாதது இல்லை. எஞ்சினுக்கு ஒரு நூல், விளக்குக்கு ஒரு நூல், ரோல்ஸ் ராய்ஸின் மூக்கில் நிற்கும் பதுமைக்கென்று தனி நூல். ஆனால் டிக்கெட் எடுத்து உள்ளே வருகிறவர் வாய்திறந்து கேட்கும் முதல் கேள்வியை அறிஞர் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "இது லிட்டருக்கு எவ்வளவுங்க கொடுக்கும்?" நூறாண்டுப் பழமை, கைவேலைப்பாடு, யாரோ ஒரு மகாராஜா ஏறிப்போன பெருமை எல்லாம் எதிரே நிற்கும்போது மைலேஜைக் கேட்கிறாரே என்று படித்தவர்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவதால்தான் இந்தத் துறை வளராமல் கிடக்கிறது.

ஆய்வுக்களம் கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம். களத்தேர்வுக்குக் காரணம் உண்டு. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியவர். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று அது பிறகு பெருகியது. பஸ் முதலாளிக்கு மைலேஜ் என்பது பொழுதுபோக்குக் கேள்வி அல்ல, மாலையில் கல்லாப்பெட்டி சொல்லும் கணக்கு. அப்படிப்பட்டவர் பெயரில் உள்ள கட்டடத்தில் இந்த வினா எழுவது மண்ணுக்கு ஏற்ற மரபே.

ஆய்வுமுறை எளிது. எல்லோரும் கார்களைப் பார்த்து நிற்க, ஆய்வாளர் கார்களுக்கு முதுகைக் காட்டி ஆட்களைப் பார்த்து நிற்க வேண்டும். காவலர் இரண்டு தடவை சந்தேகமாகப் பார்ப்பார். அதைப் பொருட்படுத்தக் கூடாது.

நான் கண்ட ஒருவரை இங்கே மாதிரியாக வைக்கிறேன். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு, கூடவே மனைவியும் மகளும் பேரனும். கிரில் உயர்ந்த, மூக்கு நீண்ட ஒரு சீமைக் காரின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஒரு சுற்று வந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தார். எழுந்து, தடுப்புக் கயிற்றுக்கு இப்பாலிருந்தே கழுத்தை நீட்டி ஸ்பீடோமீட்டரைப் படிக்க முயன்றார். செருப்புக்கால் டயரை நோக்கி ஒரு விரற்கடை நகர்ந்தது. கயிறு இருப்பது நினைவுக்கு வர, தானாகவே பின்வாங்கியது. இத்தனை சடங்கும் முடிந்த பிறகுதான் காவலர் பக்கம் திரும்பி வினா: "ஏனுங்க, இது லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?"

இந்த வினா எந்த இனத்தைச் சேர்ந்தது? பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்திருக்கிறார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. மைலேஜ் வினாவை அறியாவினா என்பார் ஒருசாரார். அற்றன்று. அறியாதவர் விடைக்குக் காத்திருப்பார். நம் வேட்டிக்காரரோ காவலர் வாயைத் திறக்குமுன் "எப்படியும் நாலுக்கு மேல தராதுங்க" என்று தாமே சொல்லிவிட்டார். அஃதேல் அறிவினா ஆகுமோ எனின், அதுவும் பொருந்தாது. ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. காவலரைச் சோதித்து இவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் துணிபு, இது கொளல்வினா. கடைக்காரரிடம் போய் 'பருப்பு இருக்கிறதா?' என்று கேட்பதன் இனம். விற்பனைக்கே இல்லாத பொருளின் முன், தொடாதே என்று பலகை வைத்த இடத்தில் எழுகிறது என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. சான்று வேண்டுவோர் மேலே சொன்ன சடங்குகளை மீண்டும் படித்துப் பார்க்கட்டும். கண்ணபுரம் மாட்டுச்சந்தையில் காங்கயம் காளையைச் சுற்றிவந்து, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, பிறகு விலை கேட்கிறவருடைய நடைதான் அது. கயிறு மட்டும் இங்கே வாங்க வந்தவர் பக்கம் கட்டியிருக்கிறது.

விடைகளைப் பற்றியும் கொஞ்சம். நன்னூல் விடையை எட்டு வகையாக்குகிறது. காவலர்கள் அந்த நூலைப் படித்தார்களோ என்னவோ, பல வகைகள் அவர்களுக்குக் கைவந்திருக்கின்றன. "ஏனுங்க, ஓட்டிக்கிட்டுப் போகப் போறீங்களா?" என்பது வினா எதிர் வினாதல். "டேங்க் பெருசுங்க" என்பது இனமொழி. கேட்டதைச் சொல்லாமல் அதற்கு உறவான வேறொன்றைச் சொல்லித் தப்புவது. ஆனால் அடிக்கடி வருவது ஏவல் விடை: "போர்டுல போட்டிருக்கும், பாருங்க." இதுதான் ஆபத்தானது. ஏனென்றால் பார்வையாளர் உண்மையிலேயே போய்ப் பார்க்கிறார். இத்தகைய பலகைகளில் தயாரித்த ஆண்டு, நாடு, சிலிண்டர், குதிரைத்திறன் எல்லாம் இருக்கும். கேட்டது இருக்காது.

மைலேஜ் கேட்பது நடுத்தர வர்க்கத்தின் அற்பத்தனம், கலையை ரசிக்கத் தெரியாதவர் கேள்வி என்று மறுப்பவர்களுக்கு வரலாறே விடை சொல்லும். கார்ல் பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கோரினார். பெயரளவில் அது கார். வீட்டைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வண்டி கொண்டதோ நாலரை லிட்டர் எரிபொருள். பெட்ரோல் பங்க் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை. வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் நின்று, கறை நீக்கப் பயன்படுத்தும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடித்துக்கொண்டார். வண்டியின் குதிரைத்திறன் எவ்வளவு என்பதைப் பற்றி அந்த அம்மாள் கவலைப்பட்டதாகச் செய்தி இல்லை. அடுத்த ஊர்வரை வருமா என்பதுதான் உலகின் முதல் நெடும்பயணத்தின் முதல் கவலை. நம் வேட்டிக்காரர் பெர்த்தா பென்ஸின் நேர் வாரிசு.

பிறகு வந்தவர்களும் இதே கவலையில்தான் இருந்தார்கள். ஃபோர்டின் மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. அதில் பெட்ரோல் முள் கிடையாது. டேங்க் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, மரக்குச்சியை விட்டு, நனைந்த அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1960களின் தொடக்கம் வரை முள் இல்லாமலே ஓடியது. எஞ்சின் இருமினால் காலால் ரிசர்வ் குழாயைத் திருப்பிவிட வேண்டும். பைக்கில் ரிசர்வுக்குத் திருப்பிப் பழகிய நம்மவருக்கு இதைச் சொன்னால் ஜெர்மானியர்மேல் திடீர்ப் பாசம் வந்துவிடுகிறது.

இனி ஆய்வின் தலையாய சான்று. சொகுசுக்கும் கணக்கில்லாத செலவுக்கும் மறுபெயரான ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் 1911இல் தன் சில்வர் கோஸ்ட் காரை லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப் கியரிலேயே ஓட்டிக் காட்டியது. ஓட்டியதோடு நிற்காமல் பெட்ரோலையும் அளந்தது. காலனுக்கு 24.32 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டருக்கு மேல். ஏழு லிட்டர் எஞ்சினுக்கு இது குறைவில்லை. பிரபுக்களுக்கு விற்றவர்களே மைலேஜ் சொல்லித்தான் விற்றார்கள் என்றால், பேருந்தில் வந்து இறங்கியவர் கேட்டால் என்ன குற்றம்?

இவ்வளவும் முன்னுரைக்கு ஒப்பானது. ஆய்வின் உயிர்நாடி, விடை கிடைத்தபின் அந்த முகத்தில் நடப்பது. சான்றுக்கு இசெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தையே கதவாகத் திறந்து, ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வர, உள்ளே ஏறி உட்காரும் குட்டி வண்டி. பிஎம்டபிள்யூ 1955 முதல் தயாரித்தது. நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர்தான் என்று பெயர் எடுத்தது. "முப்பதுக்கு மேல கொடுக்குமாம்" என்றதும் அதுவரை கேலியாகப் பார்த்த குடும்பம் மொத்தமும் நெருங்கி வருகிறது. மனைவி, "ரெண்டு பேருக்குப் போதுமே" என்கிறார். நான்கு பேராக வந்ததை மறந்துவிட்டார்.

சீமைக் காருக்கு நேர் எதிர். "நாலு, அஞ்சு" என்று காவலர் ஒருவழியாகச் சொன்னார். வேட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கி, தலையை இடமும் வலமும் ஆட்டி, "கட்டுப்படியாகாதுங்க" என்றார். குரலில் வருத்தம் துளியும் இல்லை. பிறந்ததிலிருந்து தமக்கு எட்டாத ஒரு பொருளின் முன்னால் நின்று, அது தமக்கு வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பணம் இல்லாததால் வாங்காமல் விட்டவர் இல்லை. பெட்ரோல் குடிப்பதால் வேண்டாம் என்று விட்டவர். குதிரைத்திறனோ தயாரித்த ஆண்டோ இந்த மரியாதையைக் கொடுக்காது. "யாருக்குக் கட்டும் இதெல்லாம்" என்று பேரனிடம் சொல்லிக்கொண்டே அடுத்த காரை நோக்கி அவர் நடந்த நடை, உள்ளே வரும்போது இருந்ததைவிட நிமிர்ந்திருந்தது.

அம்பாசடர் முன்னால் மட்டும் இந்த வினா எழுவதே இல்லை. அங்கே எல்லோருக்கும் விடை தெரியும். "எங்க பெரியப்பா வண்டி எட்டு கொடுத்துச்சு" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் "பத்து வரும்ங்க, கார்ப்பரேட்டர் சுத்தம் பண்ணணும்" என்கிறார். அது தனி ஆய்வுக்கு உரியது.

காட்சியகம் நடத்துவோருக்கு ஒரு விண்ணப்பம். பலகையில் குதிரைத்திறனுக்குக் கீழே மைலேஜுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். காலன், மைல் வேண்டாம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தமிழில், தள்ளி நின்று படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் போடுங்கள். காவலருக்கும் தொண்டை மிஞ்சும்.