பழைய ஆம்னியைக் கழற்றுதலும் பூட்டாமையும்: திருப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

திருப்பூரைப் பற்றிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அந்நியச் செலாவணி, பீஸ் ரேட் கூலி, நொய்யலில் கலந்த சாயம் என்று மூன்று தலைப்புகளில் முனைவர் பட்டங்கள் விளைந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் பனியன் கம்பெனியின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, சக்கரமில்லாமல் செங்கல் அடுக்கின் மேல் நிற்கும் மாருதி ஆம்னியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: வடக்கே பெருமாநல்லூர், தெற்கே பல்லடம், மேற்கே அவினாசி, கிழக்கே ஊத்துக்குளி. காங்கேயத்திலும் ஒன்று நிற்பதாகக் கேள்வி. அது காளைக்கு உரிய ஊர் என்பதால் விட்டுவிட்டோம்.

வண்டியின் வரலாறு சுருக்கமானது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது; மறுவருடமே ‘மாருதி வேன்’ வந்தது. 1988இல் அதற்கு ஆம்னி என்று பெயர் சூட்டினார்கள். மூன்று சிலிண்டர், 796 சி.சி., எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஓட்டுபவர் சித்திரை வெயிலை மேலிருந்தும் கீழிருந்தும் ஒருசேர அனுபவிக்கலாம். 2019இல் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட காலத்தில் தமிழ் சினிமா இதற்கு ஆள்கடத்தும் வேலையைக் கொடுத்தது. திருப்பூர் அதைவிடக் கௌரவமான வேலை கொடுத்தது: பின் சீட்டைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுத் துணி ரோல் ஏற்றியது. ஆகவே கழற்றல் என்பது வண்டி வாங்கிய வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது நம் முதல் துணிபு.

ஒப்பியல் நோக்கு இல்லாத ஆய்வை யாரும் மதிப்பதில்லை என்பதால் ஜெர்மனிக்கும் ஒரு நடை போய் வருவோம். கேம்பர் வேன் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் ஃபோக்ஸ்வேகன் வண்டி, பென் பான் என்ற டச்சு வியாபாரி 1947இல் நோட்டில் கிறுக்கிய ஒரு படத்தில் பிறந்தது. வொல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குள் பாகங்களை ஏற்றித் திரிந்த தட்டுவண்டியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. 1950இல் உற்பத்தி ஆரம்பம். ஆலைத் தட்டுவண்டியின் வழிவந்த அந்த வேன், பிற்பாடு குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றப் போய்விட்டது. குடும்பம் ஏறுவதற்கென்றே பிறந்த நம் வேனோ, திருப்பூருக்கு வந்து ஆலைத் தட்டுவண்டி ஆனது. ஐரோப்பாவும் கொங்கு நாடும் எதிரெதிர்த் திசையில் முன்னேறின என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த வண்டியைத் திரும்பக் குடும்ப வண்டி ஆக்கும் ஆசை எப்போது வருகிறது? கம்பெனிக்கு ஒரு குட்டி யானை வாங்கிய பிறகு. ஆம்னிக்கு வேலை இல்லை, விற்கவும் மனமில்லை. வேனிலேயே குடித்தனம் நடத்தும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீடியோவை உரிமையாளர் ராத்திரி செல்போனில் பார்க்கிறார். கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன ஃபேன் எல்லாம் வைத்து, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வால்பாறையில் வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கப் போவதாக வீட்டில் அறிவிக்கிறார். வீட்டம்மா கேட்பது நான் விசாரித்த இடமெல்லாம் ஒன்றே: “ஏனுங்க, வால்பாறைல லாட்ஜ் இல்லீங்களா?” இதற்கு எவரும் பதில் சொன்னதாகப் பதிவில்லை.

கழற்றல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடைபெறும். சனிக்கிழமை சம்பளம் போட்டாயிற்று, பவர்டேபிள் ஓடாது, கம்பெனி அமைதியாக இருக்கும். முதலில் பம்பர், பிறகு லைட்டுகள், ரப்பர் பீடிங்கை உரித்துக் கண்ணாடிகள், அப்புறம் கதவுகள். சுழல மறுக்கும் போல்ட்டை டீசலில் ஊறப் போடுவது மரபு. அதற்கும் மசியாவிட்டால் சுத்தியல், அதற்கும் மேல் கேஸ் வெல்டிங். இவை எல்லா ஊருக்கும் பொது. திருப்பூரின் தனிச்சிறப்பு சேமிப்பு முறையில் இருக்கிறது. கழற்றிய போல்ட்டுகளைப் பனியன் போடும் பாலி கவரில் இட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். 10 நம்பர் ஸ்பேனருக்கு உரியவை S, 12க்கு M, 14க்கு L, 17க்கு XL. இவ்வளவு துல்லியமான வகைப்பாட்டை வேறெந்த ஊரின் ஒர்க்‌ஷாப்பிலும் நான் கண்டதில்லை. இதில் ஒரு குறை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தரை மேட்டைத் தூக்கும்போதுதான் ஆய்வு தொல்லியலாக மாறுகிறது. இதே நொய்யல் கரையில், கிழக்கே கொஞ்ச தூரத்தில், கொடுமணல் இருக்கிறது. கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய தடயங்களும், சுடுமண் தக்களிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் அங்கே மண்ணடுக்கிலிருந்து வந்தன. ஆம்னியின் தரையும் அதே ஒழுங்கில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. மேலே பாலி கவர்த் துண்டு, ஹேங்டேக், டீ கப். அதற்குக் கீழே எலாஸ்டிக், தைக்காத பட்டன், வாஷ்கேர் லேபிள். அந்த லேபிள்களில் நாம் படிக்க முடியாத ஐந்தாறு மொழிகள். அதற்கும் கீழே பஞ்சுத்தூசி. எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அது கம்பளியாகவே இறுகிவிட்டது. ஸ்லைடிங் டோரின் தண்டவாளத்துக்குள் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பினால் முழ நீளத்துக்கு ஒரே துண்டாக வரும். வெளிச்சத்தில் பிடித்தால் கருப்பு, நேவி புளூ, சிவப்பு, மறுபடி கருப்பு என்று வரிவரியாக, ஓடிய ஆர்டர்கள் அத்தனையும் தெரியும்.

நடுவில் ஒரு வெள்ளைப் படலமும் இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்துக்கு உரிய படலம் இது என்று வாதிட எனக்கு ஆசை. அந்த வருடம் உரிமையாளர் வெள்ளை உள்பனியன் மட்டுமே தைத்தார் என்று கட்டிங் மாஸ்டர் எதிர்வாதம் வைக்கிறார். சான்றுகள் அவர் பக்கம். ஆசை என் பக்கம்.

பஞ்சுக்கும் கீழே துரு. துருவுக்கும் கீழே நேராகத் தார்ச்சாலை. இதைக் கண்டதும் எல்லோரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். இத்தனை வருடம் வண்டியின் தரையாக இருந்தது தகடல்ல, பனியன் பஞ்சுதான் என்பது அப்போது உறுதியாகிறது. கையில் அப்பிய கிரீஸைத் துடைக்கவும் பனியன் வேஸ்ட்தான். கிலோக் கணக்கில் இங்கிருந்து வெளியூர் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகும் சரக்கு, உள்ளூரில் சும்மா கிடைக்கிறது. இங்கே வண்டி கழற்றும் பழக்கம் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி மையக் கேள்வி. கழற்றிய வண்டி ஏன் பூட்டப்படுவதில்லை?

பாகம் கிடைப்பதில்லை என்பது பேக்கரி பெஞ்ச் அறிஞர்களின் கொள்கை. இது நிற்காது. கோவை உக்கடத்துக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போனால் ஆம்னியின் எந்த எலும்பும் கிடைக்கும். சோம்பல் என்பது வீட்டம்மாக்களின் கொள்கை. காலை எட்டரைக்கு ஷிப்ட் தொடங்கி நைட்டும் பார்க்கிற ஊரில் இதை ஏற்பதற்கில்லை.

என் கொள்கை வேறு. ஒரு பனியன் முழுக்க ஒரே கூரையின் கீழ் பிறப்பது இந்த ஊரில் அபூர்வம். நிட்டிங் ஒரு சந்தில், சாயம் இன்னொரு ஊரில், காம்பேக்டிங் வேறிடத்தில். கட்டிங் கம்பெனியில், தையல் ஜாப் ஒர்க்கில், காஜா பட்டன் எதிர் வீதியில். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் வேனையும் ஜாப் ஒர்க்குக்கே விடுகிறார். கதவு நான்கும் டிங்கரிடம், சிலிண்டர் ஹெட் லேத்தில், ஸ்டார்ட்டர் மோட்டார் எலக்ட்ரீஷியனிடம், சீட் குஷன் கடையில், கார்புரேட்டர் மச்சினன் வீட்டில். ஆனால் பனியன் எத்தனை சந்து சுற்றினாலும் திரும்பி வந்து பெட்டிக்குள் படுக்கிறது. வேன் வருவதில்லை. காரணம், பனியனுக்கு ஷிப்மெண்ட் தேதி உண்டு. மெர்ச்சண்டைசர் என்று ஒரு தம்பி காலை முதல் ராத்திரி வரை போனில் விரட்டிக்கொண்டே இருப்பார். தூத்துக்குடியில் கப்பல் காத்திருக்காது. விட்டால் சொந்தக் காசில் விமானத்தில் அனுப்ப வேண்டும். வேனுக்குப் பையர் இல்லை, இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, கப்பலும் இல்லை. ஆகவே உரையாடல் இப்படித்தான் நடக்கும்:

“ஏனுங்ணா, கதவு என்னாச்சுங்?”

“பட்டி போட்டாச்சுங்க. காயுதுங்க.”

“போன தையிலயும் காயுதுன்னுதானுங்ளே சொன்னீங்க?”

“அது மொதப் பட்டிங்க. இது ரெண்டாவதுங்க.”

கொள்கையை வலுப்படுத்த ஒரு தேதியும் இருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடத்துக்குத்தான்; அதன்பின் புதுப்பிக்க வேண்டும். கார் வகைக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆயிற்று. வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். துரு வெட்டும் ஆவேசத்தில் சேஸ் நம்பர் பொறித்த தகட்டை வெட்டிவிட்டால் கதை முடிந்தது என்று டிங்கர்களே எச்சரிக்கிறார்கள். பதிவு முடியும் மாதம் நெருங்கியபோது மட்டும் ஒரு ஆம்னி பத்தே நாளில் முழு உருவம் பெற்று டி.என். 39 பலகையோடு சாலைக்கு வந்ததை நானே பார்த்தேன். தேதி இருந்தால் திருப்பூர் எதையும் பூட்டிவிடும். எனவே வேன் கழற்ற நினைப்பவர்கள், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வால்பாறையில் யாராவது சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

விட்டுப்போன குறை ஒன்று. மேலே சொன்ன ஸ்டிக்கர் முறையில், XL கவர் ஒன்று செக்கிங் மேசைக்குப் போய், அங்கிருந்து பேக்கிங்குக்கும் போய்விட்டது. காதர்பேட்டையில் XL பனியன் வாங்கிப் பிரித்ததும் உள்ளே 17 நம்பர் போல்ட் கிடைக்கப்பெற்றவர்கள், தயவுசெய்து போல்ட்டை மட்டும் அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடவும். பனியனை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.