தட்டினால் கிடைக்கும்!

மோர்ஸ் தந்தி என்றால் ஆமை வேகம்தானே சார்? செல்போனில் நொடியில் சேதி போகிறதே!
– ஒரு குறுஞ்செய்திப் பிரியர், சேலம்

2005-ல் அமெரிக்காவில் ஜே லேனோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இரண்டையும் மோதவிட்டார்கள். செல்போனில் தட்டிய சாம்பியனை, மோர்ஸில் தட்டியவர் தட்டிவிட்டுப் போய்விட்டார்! பின்னே? பழைய பொத்தான் போனில் 'எஸ்' எழுத 7-ஐ நாலு முறை அமுக்க வேண்டும். மோர்ஸில் மூன்று புள்ளியோடு வேலை முடிந்தது.

அனுப்புவது சரி. அந்த வேகத்தில் கேட்டு எழுத மனுஷனால் முடியுமா?
– அதே பிரியர் (விடமாட்டார்)

1939-ல் டெட் மெக்எல்ராய் என்ற அமெரிக்கர், நிமிடத்துக்கு 75.2 சொற்களைக் காதால் வாங்கி டைப்ரைட்டரில் அடித்துக் காட்டினார். நொடிக்கு ஒன்றுக்கும் மேல்! 'பால் பாக்கெட் வாங்கிட்டு வாங்க' என்று மூன்று தடவை சொன்னாலும் ஏறாத காதுகள் உங்கள் வீட்டில் இல்லையா?

ஒரு சூட்சுமம் உண்டு. கைதேர்ந்தவர்கள் புள்ளியையும் கோட்டையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. சொல் முழுசாகவே காதில் விழுகிறது. தந்தி ஊழியர்களைக் கவனித்து, பிரையன், ஹார்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1890-களிலேயே இதை எழுதிவிட்டார்கள்.